அறிவியல் ஜோதிடம் என்று விற்கிற ஒரு ஆப்: கணக்குக்கு ஐந்து நட்சத்திரம், காரணத்துக்கு ஒன்று

ஜாதகம் கணிக்கிற ஆப் ஒன்றைச் சந்தா கட்டிக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட இதே வாசகங்களோடு இன்னும் பல ஆப்கள் இருக்கின்றன, நான் எழுதுவது அவற்றுக்கும் பொருந்தும். மற்றவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட இவர்கள் சொல்வது ஒரே ஒரு விஷயம்: இது முழுக்க அறிவியல் அடிப்படையிலான ஜோதிடம். கட்டணப் பதிப்பு வாங்கினால் ஜாதக அறிக்கையோடு கிரகங்களின் இயற்பியல் என்று ஒரு நீண்ட அத்தியாயமும் வருகிறது. ஈர்ப்பு விசையில் ஆரம்பித்து, கடல் அலை, காந்தப் புலம், அண்டக் கதிர் என்று போய் கடைசியில் குவாண்டத்தில் முடிகிற அத்தியாயம். பலன் பலித்ததா இல்லையா என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்க்க விரும்பியது, இவர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்கிற காரணம் நிற்குமா என்பதைத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோள்களின் நிலையைக் கணக்கிடுவதில் இந்த ஆப் அருமையானது. ஸ்விஸ் எபிமெரிஸ் என்ற நிரலைப் பயன்படுத்துவதாக உள்ளே போட்டிருக்கிறார்கள். அது நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி தயாரிக்கிற கோள் அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டது, விண்கலங்களுக்கு வழி சொல்வதற்காக உருவான அட்டவணைகள் அவை. குரு எந்தப் பாகையில் இருக்கிறது, சனி என்றைக்கு வக்கிரம் ஆகிறது (பின்னோக்கி நகர்வதாகத் தெரிகிறது), சந்திரன் எத்தனை மணிக்கு அடுத்த நட்சத்திரத்துக்குப் போகிறது என்று இது காட்டியதை ஒரு வானியல் மென்பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எங்குமே வித்தியாசம் தெரியவில்லை. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிற நாடுகளில் பிறந்தவர்களுக்குக்கூட நேரத்தைச் சரியாகத் திருத்திக்கொள்கிறது. இதைச் செய்யத் தவறி லக்னத்தையே மாற்றிவிடுகிற ஆப்கள் இருக்கின்றன. வேகம், திரை அமைப்பு, எழுத்துரு எதிலும் குறை இல்லை.

பிரச்சினை இந்தத் துல்லியத்தை அவர்கள் எதற்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள் என்பதில்தான். வியாழன் எங்கே இருக்கிறது என்பது அறிவியல். அது அங்கே இருப்பதால் ஒருவருக்குத் திருமணம் தள்ளிப் போகும் என்பது வேறு கூற்று, அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். முதல் கூற்றின் துல்லியம் இரண்டாவதற்குத் தானாக வந்து சேராது. அறிக்கையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில், ஒரே தொனியில் எழுதுகிறார்கள், படிக்கிறவருக்கு எங்கே ஒன்று முடிந்து மற்றது ஆரம்பிக்கிறது என்று தெரியாது.

சரி, இயற்பியல் அத்தியாயத்துக்கு வருவோம். பிறக்கும் கணத்தில் கிரகங்களின் ஈர்ப்பு விசை குழந்தையின் மூளையில் பதிவாகிறது என்கிறது. இது நாமே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம், பள்ளியில் படித்த நியூட்டன் சூத்திரமே போதும். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வரும்போது தூரம் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர். அந்தத் தூரத்திலிருந்து அது ஒரு குழந்தையை இழுக்கிற விசையைவிட, அரை மீட்டர் தள்ளி நிற்கிற 60 கிலோ எடையுள்ள மருத்துவர் இழுக்கிற விசை சற்று அதிகம். செவ்வாய் எப்போதும் அவ்வளவு அருகில் இருப்பதும் இல்லை, 40 கோடி கிலோமீட்டர் வரை விலகிப் போகும், அப்போது விசை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வியாழன் பெரிய கோள், அதன் நேரடி இழுப்பு அந்த மருத்துவரைவிட இருபது மடங்குக்குச் சற்று மேல் வரை வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழுப்பு குழந்தையையும் தாயையும் கட்டிலையும் கட்டடத்தையும் பூமியையும் ஏறக்குறைய ஒரே அளவில் சேர்த்து இழுக்கிறது. எல்லாம் சேர்ந்தே நகரும்போது உடம்புக்குள் எதுவும் இடம் மாறாது. உடம்புக்குள் ஏதாவது மாற வேண்டுமென்றால் தலைக்கும் காலுக்கும் விசையில் வித்தியாசம் இருக்க வேண்டும், அந்த வித்தியாசம் தூரத்தின் மும்மடியில் குறையும். வியாழனுடைய அந்த வித்தியாசம் சந்திரனுடையதில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

அப்படியானால் சந்திரன்? இதுதான் அந்த அத்தியாயத்தின் மையமான வாதம், நானே பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன்: கடலையே பொங்க வைக்கிற சந்திரன், பெரும்பகுதி நீரால் ஆன மனித உடலை என்ன செய்யாது? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது, வருவது நீர் என்பதால் அல்ல, அளவு என்பதால். பூமியின் குறுக்களவு 12,700 கிலோமீட்டருக்கு மேல். சந்திரனுக்கு நேராக இருக்கும் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் இழுப்பில் வேறுபாடு வந்து, கண்டங்களுக்கு நடுவே பரந்து கிடக்கிற கடல் அசைகிறது. ஒரு சின்ன ஏரியில் கண்ணுக்குத் தெரிகிற ஓதம் கிடையாது, கிணற்றிலும் தொட்டியிலும் கிடையாது. அரை மீட்டர் நீளமுள்ள குழந்தையின் உடலில் சந்திரன் உண்டாக்கும் ஓத விசையைப் பக்கத்தில் நிற்கிற அதே மருத்துவர் உண்டாக்குவதோடு ஒப்பிட்டால், மருத்துவருடையது லட்சக்கணக்கான மடங்கு பெரியது. தலைக்கு மேலே இருப்பவற்றில் நேரடி ஈர்ப்பு அதிகம் சூரியனுக்கு, அது சந்திரனைப்போல 170 மடங்குக்கு மேல். ஆனாலும் கடல் ஓதத்தில் சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதிக்கும் குறைவு. தூரம்தான் காரணம். இந்த ஒரு தகவலை அந்த அத்தியாயம் எழுதியவர் புரிந்துகொண்டிருந்தால் மீதிப் பக்கங்களை எழுதியிருக்கவே முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ராகு கேது. இவை பொருள்கள் அல்ல என்பதை அறிக்கையே ஒத்துக்கொள்கிறது, நிழல் கிரகங்கள் என்றே எழுதுகிறது. சந்திரன் சுற்றும் பாதை, சூரியன் நகர்வதாகத் தெரியும் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது, அந்த இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அவை பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. கிரகணம் எப்போது வரும் என்று கணிக்க இந்தப் புள்ளிகள் அவசியம், இதைக் கண்டுபிடித்த பழைய வானியலாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த இடத்தில் நிறை இல்லை, ஒளி இல்லை, காந்தம் இல்லை, எதுவுமே இல்லை. இப்போது வாழ்நாளை 120 ஆண்டாக வைத்துக் கிரகங்களுக்குப் பங்கிடுகிற விம்சோத்தரி தசையை எடுத்துக்கொள்ளுங்கள். 120 ஆண்டில் ராகுவுக்கு 18, கேதுவுக்கு 7, ஆக 25 ஆண்டு. சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கிற சூரியனுக்கு வெறும் 6 ஆண்டு. சுக்கிரனுக்கு 20. கிரகத்தின் ஈர்ப்புதான் வாழ்க்கையை நடத்துகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே ஒன்றுமே இல்லாத இரண்டு புள்ளிகளுக்குக் கால் நூற்றாண்டைக் கொடுத்தால், இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும். தசைக் கணக்கு மரபிலிருந்து வருகிறது என்று எழுதியிருந்தால் நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். ஈர்ப்பிலிருந்து வருகிறது என்று எழுதியதால்தான் கேட்கிறேன்.

பார்வை விஷயமும், அதாவது ஒரு கிரகம் தான் இருக்கும் கட்டத்திலிருந்து எண்ணி எந்தெந்தக் கட்டங்களைப் பார்க்கும் என்பதும், அப்படித்தான். செவ்வாய்க்கு 4, 7, 8. குருவுக்கு 5, 7, 9. சனிக்கு 3, 7, 10. எந்த விசையாக இருந்தாலும் எல்லாப் பக்கமும் பரவும், தூரத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு கோளிலிருந்து நான்காவது கட்டத்தில் இருப்பதற்குப் போய்ச் சேரும், ஐந்தாவதற்குச் சேராது, இன்னொரு கோளுக்கு அதுவே தலைகீழாக இருக்கும் என்று நடந்துகொள்கிற விசை எதுவும் தெரிந்த இயற்பியலில் இல்லை. ராசிக் கட்டத்தில் தூரம் என்பதே கிடையாது என்பதையும் கவனியுங்கள். செவ்வாய் அருகில் இருந்தாலும் சூரியனுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கட்டத்தில் அதே இரண்டு எழுத்துதான்.

ஒரு இடத்தில் மட்டும் மரபின் பக்கம் நியாயம் இருப்பதைச் சொல்ல வேண்டும். வக்கிரம் பெற்ற கிரகத்துக்குப் பலம் அதிகம் என்பார்கள். செவ்வாய், குரு, சனி மூன்றும் பூமிக்கு மிக அருகில் வந்து, மிகப் பிரகாசமாகத் தெரிகிற காலம் அந்த வக்கிர காலத்துக்குள்தான் வருகிறது. சூரியனுக்குப் பக்கத்தில் போன கிரகம் அஸ்தங்கம் ஆகிப் பலம் இழக்கும் என்பதும் அதே மாதிரி, அப்போது அது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி ராத்திரியாக வானத்தை உற்றுப் பார்த்தவர்கள் எழுதிய விதிகள் இவை என்பது தெளிவாகத் தெரிகிறது. பார்த்தது உண்மை. அந்தப் பிரகாசம் கீழே இருக்கிற ஒருவரின் சம்பளத்தை மாற்றும் என்பதற்குத்தான் வழி தெரியவில்லை.

காந்தப் புலம் பற்றிய பகுதி சுருக்கமானது, என் பதிலும் சுருக்கமானது. நம்மைச் சுற்றியுள்ள பூமியின் காந்தப் புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. எம்ஆர்ஐ இயந்திரத்தில் படுக்க வைக்கிறபோது உடம்பு சந்திப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா, அதாவது பல்லாயிரம் மடங்கு. பச்சிளம் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை நடக்கிறது, யாருக்கும் அதனால் ஜாதகம் மாறியதாக எந்த ஜோதிடரும் சொல்வதில்லை. குவாண்டம் பகுதியில் மறுக்கக்கூட எதுவும் இல்லை, அதில் ஒரு எண்ணும் இல்லை, சோதிக்கக்கூடிய ஒரு வாக்கியமும் இல்லை.

இந்த ஆப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அமைப்புகள் பக்கம். அயனாம்சத்தை, அதாவது ராசிகளின் தொடக்கத்துக்காகக் கழிக்கிற பாகையை, மாற்றலாம், நவீன வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதமா பழைய அட்டவணைகளைப் பின்பற்றும் வாக்கியமா என்று தேர்ந்தெடுக்கலாம். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டில் ஒரு முறை தள்ளாடிச் சுற்றுவதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் ராசி மண்டலத்தின் தொடக்கப் புள்ளி நகர்கிறது. மேற்கத்திய முறை இதைக் கணக்கில் எடுப்பதில்லை, நம் முறை எடுக்கிறது, இன்றைக்கு இரண்டுக்கும் ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். அதனால்தான் அங்கே மேஷம் என்று சொல்லப்படுகிற பெரும்பாலானவர்கள் இங்கே மீனம். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதில் நமக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. லாகிரி அயனாம்சத்துக்குப் பதில் ராமன் அயனாம்சத்தைப் போட்டேன், ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான மாற்றம். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை என்பதால், இந்தச் சின்ன மாற்றமே 20 ஆண்டு சுக்கிர தசையின் தேதிகளை இரண்டு ஆண்டுக்கு மேல் நகர்த்திவிடுகிறது. வாக்கியத்துக்கு மாற்றினால் இன்னும் பெரிய வித்தியாசம்: சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாதம். வானத்தில் சனி ஒரே இடத்தில்தான் இருந்தது. உண்மையான ஒரு விசை வேலை செய்கிறதென்றால் இதில் எது சரி என்று அளந்து எப்போதோ தீர்த்திருக்கலாம், தவறான அட்டவணையைப் பின்பற்றுகிறவர்களுக்குப் பலன் வரிசையாகப் பொய்த்துப் போயிருக்கும். இரண்டு தரப்பிலும் சமமாகத் திருப்தியான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிக வலுவான சாட்சியாகப் படுகிறது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். இரண்டு நண்பர்களின் குண அறிக்கைகளை, பெயரை மட்டும் மாற்றி, ஒருவருடையதை மற்றவருக்குக் கொடுத்தேன். இரண்டு பேருமே தங்களுக்கு அப்படியே பொருந்துகிறது என்றார்கள், அப்புறம் உண்மையைச் சொன்னபோது ஒருவருக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இதே வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் உண்டு. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரே குண விவரிப்பை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லிக் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரி 4.26 மதிப்பெண் போட்டார்கள். பிரான்சில் மிஷேல் கோக்லன், ஒரு தொடர் கொலைகாரனின் பிறந்த விவரத்தை வைத்துத் தயாரித்த ஜாதகப் பலனை 150 பேருக்கு அவரவருடையது என்று அனுப்பினார். 94 சதவீதம் பேர் தங்களுக்குப் பொருந்துகிறது என்று எழுதினார்கள்.

இந்தக் கோக்லன் ஜோதிடத்துக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் பிறந்தபோது செவ்வாய் உதயத்திலோ உச்சியிலோ இருப்பது வழக்கத்தைவிட அதிகம் என்று 1955-ல் வெளியிட்டவரும் அவர்தான், அந்தச் செய்தியை இந்த ஆப்பும் பெருமையாகப் போட்டிருக்கிறது. ஆனால் பிரெஞ்சு ஆய்வுக் குழு ஒன்று 1,066 வீரர்களின் தகவலைப் புதிதாகத் திரட்டி 1996-ல் வெளியிட்ட முடிவில் அந்த விளைவு தென்படவில்லை என்பதைப் போடவில்லை. 1985-ல் ஷான் கார்ல்சன் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையும் இல்லை: ஒரு ஜாதகத்தையும் மூன்று குணச் சித்திரங்களையும் கொடுத்து எது அவருடையது என்று கேட்டபோது ஜோதிடர்கள் மூன்றில் ஒன்றுதான் சரியாகச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அவ்வளவுதான் வரும். அதன் புள்ளியியலைப் பற்றிப் பிற்பாடு விவாதம் நடந்தது. நம் முறைக்கே நடந்த சோதனை வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழுவினருடையது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களின் ஜாதகங்களிலிருந்து ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள், சராசரி பாதிக்கும் சற்றுக் குறைவு.

பிறந்த காலத்துக்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, இங்கேதான் உண்மையான அறிவியல் இருக்கிறது, இந்த ஆப் அதைத் தொடவே இல்லை என்பது என் வருத்தம். பிறந்த மாதத்துக்கும் சில நோய்களுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. வட அரைக்கோளத்தில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் மே மாதத்தில் பிறந்தவர்களிடம் சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆஸ்திரேலியாவில் அதே போக்கு நவம்பர் டிசம்பரில் தெரிகிறது. கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கிடைத்த வெயில் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அரைக்கோளம் மாறினால் மாதம் புரள்கிறது என்றால் காரணம் பருவம், ராசி அல்ல. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அதிகம், ஏனென்றால் சிறுவர் அணிகளுக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குகிறது, முன்னால் பிறந்தவன் உடம்பில் பெரியவனாக இருப்பான். பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் மனிதர்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள் என்று 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. பவளப் பூச்சிகளில் பல பௌர்ணமியை ஒட்டித்தான் கூட்டமாக முட்டையிடுகின்றன. 1989-ல் சூரியப் புயல் ஒன்று கியூபெக் மாகாணம் முழுவதையும் ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது. வானம் நம்மைத் தொடுகிற வழிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒளி, வெப்பம், துகள் என்று ஒரு வழியைத் தேடலாம், அளந்து சோதித்துப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன்: ராகுவுக்கு நிறை இல்லையே, எந்த விசை? மரியாதையாகவும் சீக்கிரமாகவும் பதில் வந்தது, அதற்கு நன்றி. இன்றைய அறிவியல் இன்னும் கண்டுபிடிக்காத நுண்ணிய ஆற்றல் என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் அறிவியல் அடிப்படை என்று முகப்பில் போட முடியாதே என்று திருப்பிக் கேட்டதற்குப் பரிகாரப் பூஜைச் சேவையின் விவரத்தை அனுப்பினார்கள். காரணத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் என்று நான் முடிவு செய்தது இந்த இடத்தில்தான். பயத்தில் இருக்கிற ஒருவர், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவர், வேலை போனவர், அறிவியல் என்ற சொல்லை நம்பித்தான் அடுத்த கட்டணத்தைக் கட்டுவார். ஜோதிடத்தை நம்பிக்கை என்று சொல்லி விற்றால் வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

வாங்கலாமா என்றால், இலவசப் பதிப்பே போதும், கணக்குகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. திருக்கணிதம், லாகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோசாரப் பக்கத்தைத் திறந்தால் இன்றைக்குச் சனியும் குருவும் எந்த ராசியில் எத்தனை பாகையில் என்று வரும், அது வானத்தில் இருக்கும் நேரம் பார்த்து, சாயங்காலமோ விடிவதற்கு முன்போ, மொட்டை மாடியில் நின்று அந்த இடத்தில் தேடினால் சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் போகாத வரை வெறும் கண்ணுக்கே தெரியும். பலன் அறிவிப்புகள் தினமும் வரும், அமைப்புகளில் கடைசி வரியில் அதை அணைத்துவிடலாம்.